தமிழ் மீடியம், முதல் வருஷம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது சித்தூர் பெல்டன் நினைவு உயர்நிலைப் பள்ளியின் வாசல் பலகையில் இரண்டு பெயர்களைப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். முதலில் வந்தவள் தபீதாள், தலைமையாசிரியர் சத்தியநாதனின் மகள். அடுத்தவள் மணியம்மா, புத்தலப்பட்டில் கரும்பு பயிரிடும் முனிரத்தினத்தின் மகள். ஆறாம் வகுப்பிலிருந்தே இருவருக்கும் ஒரே பெஞ்சு. காலை பஸ்ஸில் வந்து இறங்கும் மணியம்மா நேராகத் தபீதாளின் வீட்டுக்குத்தான் வருவாள். அங்கே ஒரு வாய் காப்பி குடித்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பள்ளிக்கு நடப்பார்கள்.

அது 1974-ஆம் வருஷம். திருப்பதி பெண்கள் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கி இரண்டு வருஷ இன்டர்மீடியட்டில் உயிரியல் படிப்பது என்று இருவரும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். தபீதாளுக்கு டாக்டராக வேண்டும். மணியம்மாவுக்கு மாட்டு டாக்டராக வேண்டும். பொம்பளைப் பிள்ளை மாட்டு டாக்டரா என்று வகுப்பில் சிரித்தவர்களிடம், "எங்க செவலப் பசு கன்னு போட முடியாம செத்துப்போச்சு. ஆம்பளை டாக்டர் ஒருத்தரும் வரலியே" என்பாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

முனிரத்தினத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் அவர் ஒரு பெரிய வெல்ல உருண்டையைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு தானாகவே சத்தியநாதனின் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கதவோரமாக நின்றபடியே பேசினார்.

"உங்க பொண்ணும் கூடப் போவுதுன்னா எனக்கு இன்னா பயம் ஐயா? ரெண்டும் ஒரே ரூம்ல இருக்கட்டும். ஒண்டியா மட்டும் அனுப்பமாட்டேன். அனுப்பினா எங்க ஜனங்க என்னை உயிரோட துன்னுடுவாங்க."

"ஒண்டியா ஏன் போவுது? ரெண்டு பேரும்தான் போறாங்க" என்றார் சத்தியநாதன்.

அவர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அதே மாதத்தில்தான் அவர் இரண்டு வருஷமாக ஹைதராபாத்துக்கும் சித்தூருக்கும் அலைந்து கேட்ட அனுமதியும் வந்தது. பெல்டன் பள்ளியிலேயே இன்டர்மீடியட் முதல் வருஷம் தொடங்கலாம். தமிழ் மீடியத்தில் நடத்தலாம். அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும்தான். அதற்குள் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஆய்வுக்கூடமும் சரியாக இருக்கின்றனவா என்று கமிஷன் வந்து பார்க்கும். பார்த்துத் திருப்தியானால்தான் முதல் வருஷம் செல்லும், இரண்டாம் வருஷமும் உண்டு.

சத்தியநாதன் அந்த அனுமதிக்காக அலைந்ததில் காரணம் இருந்தது. பத்து வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைகள் அதற்குமேல் காலேஜுக்குப் போனால் தெலுங்கிலோ இங்கிலீஷிலோதான் பாடம். முதல் டெர்மிலேயே பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். நன்றாகக் கணக்குப் போட்ட பிள்ளைகள் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதை அவர் தினமும் பார்த்தார். அவரைக் கண்டதும் அவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு எரியும். இதையெல்லாம் பள்ளியை நடத்தும் சபைக் கமிட்டியில் சொல்லிச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினார். பள்ளி மேல்நிலைக்கு உயர்ந்தால் தாமும் பிரின்சிபால் ஆவோம் என்ற எண்ணமும் அவருக்குள் இல்லாமலில்லை. அதை அவர் வெளியே சொன்னதில்லை. மனைவி ஞானமணிக்கு மட்டும் தெரியும்.

சேர்க்கை தொடங்கிய முதல் வாரம் யாரும் வரவில்லை. ஜவுளிக் கடை ஆதிநாராயணன் தம் மகனோடு வந்து வகுப்பறையைப் பார்த்தார், காலியாக இருந்த ஆய்வுக்கூட அறையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்.

"சார், உங்க பொண்ணு இங்கதானே சேருது?"

"யோசிச்சுக்கினு இருக்கோம்" என்றார் சத்தியநாதன்.

"அப்ப நானும் கொஞ்சம் யோசிக்கிறேன் சார்."

அந்த வாரம் வந்த மற்றவர்களும் வேறு வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது போதகரும் கேட்டுவிட்டார்.

அன்று சாப்பாட்டின்போது சத்தியநாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"தபீ, நீ திருப்பதிக்குப் போனா இங்க ஒருத்தரும் சேரமாட்டாங்க போலிருக்குது."

ஞானமணி தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"இத பாருங்க. இருவது வருஷமா டாக்டருக்குப் பின்னால நின்னுக்கினு இருக்கேன். கையுறைய எடுத்துக் குடு, கத்திரிய எடுத்துக் குடு. எம் பொண்ணாவது முன்னால நிக்கட்டும். உங்க பள்ளிக்கூடத்துல ஒரு குழாய்கூட இல்ல. அங்க இன்னாத்தப் படிப்பா?"

"ஆள் சேர்ந்தா எல்லாம் வரும் ஞானம். கமிட்டியில கட்டிடத்துக்கு ஒத்துக்கினாங்க. வேலூர்ல இருந்து எம்.எஸ்ஸி. படிச்ச வாத்தியார் வர்றாரு."

"வந்தப்புறம் அடுத்த வருஷப் பிள்ளைங்க படிக்கட்டும்."

"முதல் வருஷம் இல்லாம அடுத்த வருஷம் ஏது?"

பிறகு அவர் மகளைப் பார்த்தார். "நான் உன்னைக் கட்டாயப்படுத்தமாட்டேன்மா. நீயே முடிவு பண்ணு. நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அவர் கட்டாயப்படுத்தியிருந்தால் தபீதாள் அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து திருப்பதிக்குப் போயிருப்பாள். அம்மாவும் அவள் பக்கம் நின்றிருப்பாள். முடிவை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் எழுந்து கை கழுவப் போனார். முதுகு கூனியிருந்தது. நான்கு நாள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள், "நான் இங்கயே சேர்றேன் நைனா" என்றாள்.

சத்தியநாதன் அவள் தலைமேல் கையை வைத்தார். ஞானமணி டியூட்டிக்குப் புடவை மாற்றப் போய்விட்டாள்.

மணியம்மாவிடம் சொல்லத் தபீதாளே புத்தலப்பட்டுக்குப் போனாள். அவர்கள் வீட்டுப் பின்னால் வெல்லம் காய்ச்சும் கொட்டகை. அடுப்பு எரியவில்லை, ஆனாலும் இனிப்பும் புகையும் கலந்த வாசனை அடித்தது. மணியம்மா விடுதிக்கு எடுத்துப்போகப் பழைய தகரப் பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிரஷ்ஷைப் பெயின்ட் டப்பாவுக்குள் வைத்தாள்.

"நான் மட்டும் போவட்டுமா?"

"போ மணி. நான் உங்க நைனாகிட்ட பேசறேன்."

தபீதாள் பேசத்தான் செய்தாள். முனிரத்தினம் பொறுமையாகக் கேட்டார். "எட்மாஸ்டரய்யா பெத்த பொண்ணையே இங்க சேர்க்கிறாருன்னா, இதுதான் நல்ல படிப்புன்னு அர்த்தம். நாங்க ஏன் தனியா அங்க போவணும்? அதுவும் ஒண்டியா?" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்வதென்றால், பள்ளியில் ஒன்றுமே இல்லை, நான் என் அப்பாவுக்காகச் சேர்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தபீதாளுக்கு வாய் வரவில்லை.

திரும்பும்போது மணியம்மா பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். "பரவால்ல விடு. எங்க படிச்சா இன்னா, அறுக்கற தவளை தவளைதானே" என்றாள். சிரிக்கவும் சிரித்தாள்.

அந்த இருவரின் பெயரைச் சொல்லியே மேலும் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். ஆதிநாராயணனின் மகனும் சேர்ந்தான். தையல் வகுப்பு நடந்த அறையை ஒதுக்கி, கதவில் இன்டர்மீடியட் முதல் வருஷம் என்று எழுதினார்கள். ஜெபம் செய்து தொடங்கி வைத்தார் போதகர்.

வேலூரிலிருந்து வந்த தியோடர் இளைஞர், நல்ல வாத்தியார். தாவரவியலும் விலங்கியலும் இயற்பியலும் அவர் ஒருவரே நடத்தினார். தமிழில் சொல் கிடைக்காத இடத்தில் படம் போட்டுக் காட்டுவார். அறுத்துப் பார்க்கத் தட்டு இல்லாததால் ஞானமணியிடமிருந்து பழைய எனாமல் தட்டு ஒன்றை வாங்கி, மெழுகு உருக்கி ஊற்றிக்கொண்டார். தவளை எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு மறுநாளே மணியம்மா சோற்றுத் தூக்கில் ஈரத்துணி போட்டு ஒரு பெரிய தவளையைக் கொண்டுவந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் கிழவி, "இன்னாடி அதுக்குள்ள சாம்பாரா?" என்று கேட்டதாகச் சொன்னபோது தியோடர்கூடச் சிரித்துவிட்டார். கத்தியை மணியம்மாதான் பிடித்தாள். கை ஆடவேயில்லை. தோலை நீக்கியதும் உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் தட்டைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றார்கள். அந்த ஒரு நாளை அந்த வருஷத்தின் படிப்பு என்று சொல்லலாம்.

கட்டிடம் வரவில்லை. நன்கொடை தருவதாகச் சொன்னவர்கள் அறுவடை முடியட்டும் என்றார்கள். அறுவடை முடிந்ததும் பண்டிகை முடியட்டும் என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போன தியோடர் பொங்கல் கழித்து வந்து, பேங்கில் வேலை கிடைத்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனமில்லை.

வேறு ஆள் கிடைக்கவில்லை. சத்தியநாதன் கணக்கு வாத்தியார். அவரே தாவரவியல் புத்தகத்தை வீட்டில் படித்து மறுநாள் வகுப்பில் ஒப்பித்தார். பிள்ளைகள் கேள்வி கேட்டால், "அதை அப்புறம் பார்ப்போம்" என்பார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். மணியம்மா மட்டும் கேட்பாள். அவரும் அதே பதிலைச் சொல்வார். தபீதாள் பெஞ்சில் கீறல்களை நகத்தால் நிரடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கமிஷன் வரும் நாள் தெரிந்ததும் சத்தியநாதன் மனைவியிடம் ஒன்று கேட்டார். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நான்கு மைக்ராஸ்கோப்புகள் இருக்கின்றனவே, ஒரு நாளைக்கு மட்டும் வாங்கித் தர முடியுமா என்று.

"எதுக்கு? நம்முதுன்னு காட்டறதுக்கா?"

"அடுத்த வருஷம் வாங்கத்தானே போறோம்."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு வேதபாடமும் நீங்கதான் எடுக்கிறீங்க" என்றாள் ஞானமணி.

ஆனாலும் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். பதினோரு பிள்ளைகளின் வருஷம் போகிறதே என்றுதான் கொடுத்தாள். மைக்ராஸ்கோப்புகளைத் துணியில் சுற்றி ரிக்ஷாவில் கொண்டுவந்து, தையல் மேசைகளின் மேல் வெள்ளைத்துணி விரித்து வைத்தார்கள்.

வந்த அதிகாரி தெலுங்குக்காரர், வயதானவர், யாரையும் மிரட்டாதவர். பிள்ளைகளிடம் தமக்குத் தெரிந்த தமிழில் பேசினார். மணியம்மாவைப் பார்த்து, எத்தனை தவளை அறுத்திருக்கிறாய் என்று கேட்டார்.

"ஒண்ணு சார். எங்க கழனியில இருந்து நான்தான் எடுத்தாந்தேன்."

அவர் சிரித்தார். பிறகு தபீதாளிடம் திரும்பி ஒரு ஸ்லைடைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரிக் கருவியை அவள் அன்று காலையில்தான் முதன்முதலாகத் தொட்டிருந்தாள். எந்தத் திருகைத் திருப்புவது என்று தெரியவில்லை. விரல்கள் தடுமாறின.

"இதுலதான் தினமும் பார்ப்பீங்களா?"

தபீதாள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். எப்பவும் இதுலதான்."

அதிகாரி கருவியைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினார். அடிப்பாகத்தில் ஆஸ்பத்திரியின் பெயர் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். போகும்போது சத்தியநாதனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பில்லலு சால மஞ்சிவாள்ளு, சார்" என்றார். பிள்ளைகள் ரொம்ப நல்லவர்கள் என்று அர்த்தம். அதைச் சொன்ன குரலிலேயே சத்தியநாதனுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

ஜூனில் உத்தரவு வந்தது. இரண்டாம் வருஷம் இல்லை. நடந்த முதல் வருஷமும் கணக்கில் சேராது. உயிரியல் படிக்க வேண்டுமானால் வேறு காலேஜில் முதலிலிருந்து சேர வேண்டும். ஆதிநாராயணன் பள்ளிக்கு வந்து எல்லாரும் கேட்கும்படி சத்தம் போட்டுவிட்டு மகனைக் கடையில் உட்கார வைத்தார். சிலர் டைப்ரைட்டிங் படிக்கப் போனார்கள். இரண்டு பெண்கள் வீட்டோடு நின்றார்கள்.

முனிரத்தினம் மட்டும் வரவில்லை. சத்தியநாதன் சில நாள் காத்திருந்துவிட்டு, தபீதாளையும் கூட்டிக்கொண்டு புத்தலப்பட்டுக்குப் புறப்பட்டார்.

முனிரத்தினம் கயிற்றுக் கட்டிலை உதறிப் போட்டு உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். சத்தியநாதன் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"முனிரத்தினம், தப்பு என் மேலதான். உங்க பொண்ணை நானே திருப்பதியில சேர்த்து விடறேன். தபீயும் இந்த வருஷம் அங்கதான் சேருது. நீங்க முன்ன சொன்ன மாதிரி ஒரே ரூம்ல இருக்கட்டும்."

"நீங்க பெரியவங்க, அப்படிச் சொல்லக்கூடாது" என்றார் முனிரத்தினம். அவர் குரலில் கோபமே இல்லை. "உங்க பொண்ணையும் அதே பள்ளிக்கூடத்துலதானே படிக்க வெச்சீங்க? எங்களுக்குன்னு தனியா ஒரு தீங்கு பண்ணலியே. எங்க பொண்ணு தலையெழுத்து. ஏர்பேட்டுல என் மச்சினன் இருக்கான். பெண்சாதி செத்து ஒரு வருஷமாவுது. போன வாரம்தான் தேதி குறிச்சோம்."

"அதுக்கு வயசு பதினாறுதானே?"

"ஒரு வருஷம் வீணாப்போச்சுன்னு ஊர்ல பேசறாங்க ஐயா. படிப்பும் ஆவல, இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கேன்னு கேக்கறாங்க. தினமும் பஸ்ல போய்க்கினு வந்துக்கினு இருந்த பொண்ணு. அதுக்கும் ஒரு பேச்சு. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

சத்தியநாதன் திரும்பவும் கேட்டார். கையைக் கூப்பிக்கூடக் கேட்டார். முனிரத்தினம் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். ஆனால் சம்மதிக்கவில்லை.

தபீதாள் பின்பக்கம் போனாள். மணியம்மா எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மணி..."

"அழுவாத. நீ அழுதா நான் ஆறுதல் சொல்லணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல."

தபீதாள் அழவில்லை. எருமை தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எங்க நைனா ஒத்துக்கினப்ப நீ பின்வாங்கினே" என்றாள் மணியம்மா. "அப்பகூட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்துல ஒண்ணும் இல்ல, மணிய அனுப்பிடுங்கன்னு. உங்க நைனா பேரு கெட்டுடும்னு சொல்லல. அந்த ஆபீசரு கேட்டப்ப நான் நெஜம் சொன்னேன், நீ பொய் சொன்னே. ரெண்டுமே ஒண்ணுதான் ஆச்சு. ஆனா நீ திரும்பத் திருப்பதிக்குப் போறே."

"என் மேல கோவமா?"

"இருக்குது. போவப்போவ கொறையுமோ இன்னாவோ, தெரியல."

கல்யாணத்துக்குச் சத்தியநாதன் குடும்பம் போனது. மாப்பிள்ளை நாற்பதை நெருங்கியவன், கெட்டவனாகத் தெரியவில்லை. அவனுடைய இரண்டு பிள்ளைகள் மணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். மணியம்மா தலையை நிமிர்த்தவில்லை. ஞானமணி சாப்பிடாமலே எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் தபீதாள் திருப்பதியில் சேர்ந்தாள். தன்னைவிட ஒரு வயது சின்னப் பெண்களோடு திரும்பவும் முதல் வருஷம். பாடம் முழுதும் இங்கிலீஷ். முதல் இரண்டு மாதம் ஒன்றும் புரியவில்லை. அப்பா பயந்ததில் உண்மை இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவர்மேல் இருந்த கசப்பு குறையவில்லை. பிறகு மெல்லப் பிடி கிடைத்தது. கண்ணாடி ஜாடிகள் வரிசையாக அடுக்கிய, குழாயில் தண்ணீர் வரும் ஆய்வுக்கூடத்தில் நிற்கும்போதெல்லாம் மணியம்மாவின் நினைப்பு வந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஏர்பேட்டுக்குப் போனாள். வழி கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். மணியம்மா வாசலில் வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் பிரித்துக்கொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. கன்னம் ஒடுங்கியிருந்தது. சின்னப் பிள்ளை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே கூப்பிடவில்லை. ஒரு சாக்கை இழுத்துப் போட்டாள். தபீதாள் உட்கார்ந்து அவளும் காய் பிரிக்க ஆரம்பித்தாள்.

நெடுநேரம் கழித்து மணியம்மா கேட்டாள்.

"அங்க மைக்ராஸ்கோப்பு ஆளுக்கு ஒண்ணா?"

"ரெண்டு பேருக்கு ஒண்ணு."

"உங்கூட யாரு?"

"நெல்லூர் பொண்ணு ஒண்ணு."

மணியம்மா காய்களின் மண்ணை உதறினாள். "நல்லா அறுப்பாளா?"

"இல்ல. கத்தியப் புடிச்சாலே கை நடுங்கும்."

உள்ளேயிருந்து அவள் புருஷன் இருமினான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இனிமே வராத தபீ. அவரு அடிக்கல, திட்டல. நீ வந்துட்டுப் போனா நான் ரெண்டு மூணு நாளைக்கு யார்கூடயும் பேசமாட்டேன். அது அவருக்குப் புடிக்காது. எனக்கும் இந்தப் பிள்ளைங்களைப் பார்க்கவே வெறுப்பா ஆவுது. இதுங்க இன்னா பண்ணுச்சு, பாவம்?"

தபீதாள் எழுந்தாள். பை நிறையக் கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பழங்களைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். மணியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியனுப்பவும் எழுந்து வரவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் தபீதாள் வீட்டுக்கு வந்தபோது சத்தியநாதன் தலைமையாசிரியர் பதவியை விட்டிருந்தார். கமிட்டியில் யாரும் விடச் சொல்லவில்லை. தாமே எழுதிக் கொடுத்துவிட்டு அதே பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. கேக்குக்கு மாவு கலந்துகொண்டிருந்த மகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"மணியம்மாவைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படியிருக்குது?"

நல்லாயிருக்குது என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்த்ததையெல்லாம் பார்த்தபடியே சொன்னாள். வயிற்றையும் வேர்க்கடலையையும், இனிமேல் வராதே என்று சொன்னதையும் சொன்னாள். சத்தியநாதன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அன்னைக்கு நீ மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்மா" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் தபீதாள். "நீங்களும் என்னைக் கேக்காம இருந்திருக்கலாம்."

அறைக்குள்ளிருந்து ஞானமணி இதைக் கேட்டாள். வெளியே வரவில்லை.

விடுமுறை முடிந்து அவள் புறப்பட்டபோது சத்தியநாதன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"நைனா, எனக்குப் பதிலா ஒருநாள் நீங்க ஏர்பேட்டுக்குப் போய்ட்டு வாங்க. உங்களை வராதேன்னு சொல்லாது. உங்க மேல அதுக்கு எப்பவும் மரியாதை."

"போறேன்" என்றார் அவர். "அடுத்த மாசம் போறேன்."

மார்ச்சில் மணியம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு நாளில் இறந்துபோனது. செய்தி முனிரத்தினம் மூலமாக வந்தது. அதற்கு மறுநாள் சத்தியநாதன் வேட்டி மாற்றிக்கொண்டு புறப்பட்டுப் போனதாகவும், ரேணிகுண்டா வரைக்கும் போய் பஸ் மாற வேண்டிய இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டதாகவும் கோடை விடுமுறையில் அம்மா சொன்னாள். அதன் பிறகும் அவர் போகவேயில்லை.